ஸ்கேன் எடுக்கும் முன் கிரியாட்டினின் ஏன்?

வயிற்றிலே ஒரு கட்டி இருக்குமோ என்று ஐயம். மருத்துவர் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார். பூந்தமல்லி குமணன்சாவடிப் பக்கம் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்குச் செல்கிறீர்கள். அங்கே இருப்பவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "கான்ட்ராஸ்ட் ஊசி போட வேண்டும். கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்கிறார். கட்டி இருப்பதோ வயிற்றில். கேட்பதோ சிறுநீரகத்தைப் பற்றி! "அந்த ஊசி போட்டால் கிட்னி போய்விடுமாம்" என்று அருகிலிருப்பவர் வேறு பயமுறுத்துகிறார். சிலர் அப்படியே வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பயத்தில் உண்மை எவ்வளவு? பார்ப்போம்.

முதலில், ஊசியில் இருப்பது என்ன? சாயம் என்று பலர் சொன்னாலும் அது சாயம் அன்று, நிறமற்ற திரவம். அதில் உள்ள முக்கியமான பொருள் அயோடின். எக்ஸ் கதிர்கள் உடலினூடே செல்லும்போது அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்களால் விழுங்கப்படுகின்றன. ஒளிமின் விளைவால் நிகழும் இந்த விழுங்கல், அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. நம் தசைக்குச் சராசரியாக அணு எண் ஏழரை எனலாம், எலும்பிலுள்ள கால்சியத்துக்கு 20, அயோடினுக்கோ 53. எனவே எடைக்கு எடை பார்த்தால், இவ்வகையில் அயோடின் தசையைப் போல் சில நூறு மடங்கு எக்ஸ் கதிர்களை விழுங்கும். இன்னொரு வசதியும் உண்டு. 33 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தாண்டியதும் அயோடினின் உள்வட்ட எலெக்ட்ரான்கள் இரண்டும் விழுங்கலில் கலந்துகொள்ள, அது திடீரென எகிறுகிறது. ஸ்கேன் கருவியின் கதிர்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. தசையும் இரத்தமும் ஒன்றுபோலவே சாம்பல் நிறமாகத் தெரியும் படத்தில், இரத்தத்தில் அயோடின் கலந்ததும் குழாய்கள் பளிச்சென்று வெண்மையாகின்றன. கட்டிக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

அயோடின் இதற்கு உதவும் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் மேகநோய்க்காரர்களுக்குச் சோடியம் அயோடைடு கொடுத்து வந்தார்கள். அவர்களுடைய சிறுநீர்ப்பை எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதை ஆஸ்போர்னும் உடன் பணியாற்றியோரும் 1923-இல் எழுதினார்கள். பின்னர் 1929-இல் மோசஸ் ஸ்விக் என்ற இளைஞர், அயோடின் சேர்ந்த கரிமச் சேர்மம் ஒன்றைக் கொண்டு ஜெர்மனியில் நல்ல படம் எடுத்துக் காட்டினார்.

அக்காலத்துச் சேர்மங்கள் உப்பு வகை. நீரில் அயனிகளாகப் பிரிந்து துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். இரத்தத்தின் சவ்வூடு பரவல் அளவு கிலோவுக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். பழைய மருந்துகளுக்கோ 1,500-க்கும் மேல்! ஊறுகாய்ப் பானையில் எலுமிச்சை சுருங்குவதுபோல், அந்த மருந்து பட்ட செல்களிலிருந்து நீர் வெளியேறும். நோயாளிக்கு எரிச்சலும் வலியும் உண்டாகும். சுவீடன் நாட்டு மருத்துவர் டார்ஸ்டன் அல்மேன், கடல்நீரின் உப்பு இடத்துக்கு இடம் வேறுபட, கண் எரிச்சலும் வேறுபடுவதைக் கவனித்தவர். அயனியாகப் பிரியாத மூலக்கூறு செய்தால் வலி குறையுமே என்று 1969-இல் எழுதினார். அந்த வழியில் வந்ததே இன்று பெரிதும் வழங்கும் அயோஹெக்சால். அதன் அளவு பழையதில் பாதிக்கும் கீழ்.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். அது ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். பன்னிரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 178 லிட்டரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கான்ட்ராஸ்ட் மருந்து வடிகட்டப்படும். ஆனால் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. ஆக, நுண்குழாய்களில் நீர் குறையக் குறைய மருந்தின் செறிவு ஏறுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியோ இயல்பாகவே குறைந்த ஆக்சிஜனில் காலந்தள்ளும் இடம். அங்கே தொல்லை வரலாம் என்று எண்ணுவதில் தவறில்லை. 1954-இலேயே, எலும்பு மச்சைப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு இத்தகைய ஊசிக்குப் பின் சிறுநீர் நின்றுபோனதாக ஒரு செய்தி வெளிவந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பயம்.

ஆனால் ஒரு கேள்வியைப் பல ஆண்டுகள் யாரும் சரியாகக் கேட்கவில்லை. ஊசி போட்டபின் கிரியாட்டினின் ஏறினால் ஊசிதான் காரணமா? மருத்துவமனை வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். பேருந்தில் வந்து இறங்குபவர்களைவிட ஆட்டோவில் வந்து இறங்குபவர்களுக்கு நோய் கடுமையாக இருக்கும். ஆட்டோவா நோயைக் கொடுத்தது? ஸ்கேனுக்கு வருபவர்களில் பலர் கிருமித்தொற்று, இரத்த அழுத்த வீழ்ச்சி, இதய நோய் என்று ஏற்கெனவே படுத்திருப்பவர்கள். 2008-இல் நியூயார்க்கில் நியூஹவுஸ் குழுவினர், கான்ட்ராஸ்டே பெறாத 32,161 மருத்துவமனை நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினர். அவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் கிரியாட்டினின் 25 சதவீதமாவது மாறியிருந்தது! ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

அதன்பின் ஆய்வுகள் மாறின. 2017-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், சிறுநீரகம் ஓரளவு பழுதான 660 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முன்னெச்சரிக்கையாக நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். மற்றதற்கு எதுவும் இல்லை. பாதிப்பு முறையே 2.7, 2.6 சதவீதம். வேற்றுமை இல்லை! பல ஆண்டுகள் நம்பிக் கொடுத்துவந்த அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்தும், சுமார் 5,000 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில் பயனற்றது என்று தெரிந்தது. 2020-இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து, ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்று அறிவித்தன. சிறப்புக் கவனம் தேவைப்படுவது, வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே போனவர்களுக்கும், திடீர்ச் சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்குமே. இது கைநரம்பில் போடும் ஊசியைப் பற்றியது. இதயத்தருகே தமனியில் நேராகச் செலுத்தும்போது மருத்துவர்கள் இன்னும் சற்று எச்சரிக்கையாக இருப்பார்கள்.

அப்படியானால் மருந்து முழுக்க அப்பாவியா? அதுவும் இல்லை. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் எலிகளைக் கொண்டு ஒரு செய்தியைக் கண்டார்கள். சிறுநீரகத்தில் காவலிருக்கும் விழுங்கு செல்கள் இந்த மருந்தை விழுங்கி, அந்நியன் புகுந்துவிட்டதாக எண்ணி அழற்சியைக் கிளப்புகின்றன. நுண்குழாய்ச் சுவரிலுள்ள டைபெப்டிடேஸ்-1 என்ற புரதம், மருந்து செல்லுக்குள் நுழைய உதவுகிறது. இப்புரதத்தைத் தடுக்கும் சிலாஸ்டாட்டின், வேறொரு நுண்ணுயிர்க் கொல்லியோடு சேர்த்து 1980களிலிருந்தே மருத்துவமனைகளில் வழங்கும் பழைய மருந்து! எலிகளில் அது சிறுநீரகத்தைக் காத்தது. எலிக்குப் பொருந்தியதெல்லாம் மனிதனுக்குப் பொருந்திவிடாது. எனினும் பழுதின் வழி ஒன்று தெளிவாகியிருக்கிறது.

இனி அந்த ரிப்போர்ட். கிரியாட்டினின் 1.2 என்று இருந்தால் "நார்மல்தானே" என்போம். இன்றைய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால் வடிகட்டும் வேகம் சுமார் 86, அதே 1.2, 70 வயது மூதாட்டிக்கு வெறும் 49! கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்கு அது குறைவாகவே உண்டாகும். அது சிறுநீரகப் பழுதை மறைத்துவிடும். ஆகவே கிரியாட்டினினை மட்டும் பார்க்காமல், ரிப்போர்ட்டில் அதன் கீழே ஈ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள்.

நம் ஊருக்கு இது மிகவும் வேண்டிய எச்சரிக்கை. சென்னை மருத்துவக் கல்லூரிச் சிறுநீரகவியல் துறையினர் 2023-இல் தமிழ்நாட்டு உழவுத் தொழிலாளர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தபோது, நூற்றில் ஐவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் இல்லை. வெயிலில் உழைப்பதன் மீது ஐயம் விழுந்திருக்கிறது. சிறுநீரக நோய் வலிக்காது. நெடுங்காலம் வெளியே தெரியாது. ஸ்கேன் மையத்தின் கேள்வியால்தான் சிலருக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது.

"வெறும் வயிற்றில் வாருங்கள்" என்றால் நம்மவர்கள் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரையும் விட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் இது தேவையில்லாத சோதனை. தண்ணீர் குடிக்கலாமா என்று மையத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தடை இருக்காது. மூட்டுவலிக்கு விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைச் சொல்ல மறக்காதீர்கள்; அவை சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களில், வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே இருப்பவர்கள் ஊசிக்குப் பின் இரண்டு நாள் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடலில் தங்கிவிடும்.

பக்கவாதம் வந்து வாய் கோணி, கை விழுந்த நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தால் நிலைமை வேறு. அங்கே கிரியாட்டினின் முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. அடைபட்ட இரத்தக்குழாய் எது என்று காட்டும் ஸ்கேனை உடனே எடுத்துவிடுவார்கள். மூளைச் செல்கள் நிமிடத்துக்கு இலட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருக்கும்.