வாயைத் திறந்து ஒருதரம் பாருங்கள்



காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய், மலையில் பசி தெரியாமலிருக்க ஒரு வாய், கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் ஒரு வாய் என்று வெற்றிலை போடுகிறவர்கள் நம்மில் ஆணும் பெண்ணுமாக எத்தனையோ பேர். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களும், கொட்டியாரக் குடாவில் இரவுத் தொழிலுக்குப் போகும் மீனவர்களும் தூக்கம் வராமலிருக்க இதைத்தான் வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். தோட்டத்தை விட்டு அந்தப் பக்கம் குடியேறிய நம் உறவுக்காரர்களுக்கும் பழக்கம் விட்டுப் போகவில்லை.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். ஆனால் இது வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ ஒளிந்து வளரும் நோயல்ல. கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில், பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டு வருகிறது.

புகையிலை மட்டும்தானா கெடுதி?

"நான் புகையில சேக்கிறதில்ல, வெறும் வெத்தல பாக்குத்தானே" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் சொன்னது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று 2004இல் அறிவித்தது. பாக்கு வாயின் உட்தோலை நாளடைவில் இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் எரியும், பிறகு வாய் முழுதாகத் திறக்க வராது. அதோடு புகையிலையும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும்.

நம் மலைநாட்டில் செய்த ஆராய்ச்சி

டாக்டர் இல்லாத இடத்தில் இந்த அடையாளங்களை யார் கண்டுபிடிப்பது? இதை அறிய, மத்திய மலைநாட்டில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் அவர்கள் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேருக்குச் சந்தேகமான அடையாளம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நிபுணர்கள் சோதித்தபோது, பணியாளர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 1984இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் வருத்தமான விஷயம் ஒன்றும் உண்டு. போகச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முன்கூட்டிப் பார்த்தால் உயிர் தப்புமா?

இதற்குக் கேரளத்தில் பதில் கிடைத்தது. திருவனந்தபுரத்துப் பிராந்தியப் புற்றுநோய் நிலையம் 1996இல் 13 ஊராட்சிகளில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 192,000 பேரை எடுத்துக்கொண்டது. 7 ஊராட்சிகளில் பயிற்சி பெற்றவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். மற்ற 6 ஊராட்சிகளில் வழக்கமான வைத்தியம் மட்டும் நடந்தது. முடிவு 2005இல் வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுநோயால் செத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை.

வீட்டில் பார்ப்பது எப்படி?

மாதம் ஒரு தடவை வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள். உதட்டின் உட்பக்கம், இரண்டு கன்னங்கள், ஈறு, நாக்கின் மேலும் இரு ஓரமும், நாக்கின் அடி, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். வெற்றிலையை அடக்கும் பக்கத்தைக் கூடுதல் கவனமாகப் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கவனிக்க வேண்டியவை:

1. துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு அல்லது சிவப்புத் தழும்பு.
2. இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண்.
3. காரம் பட்டால் எரிச்சல். வாய் திறக்கக் கஷ்டம்.
4. வாயிலோ கழுத்திலோ கட்டி, தடிப்பு.

இதில் ஒன்று இருந்தாலும் புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே காசு வாங்க மாட்டார்கள்.

"வலிக்கலியே, பெறகு பாத்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் இது வலிக்காது. வலி வரும்போது நோய் முற்றியிருக்கலாம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் முற்றிய பிறகு மாதக்கணக்கில் வைத்தியத்துக்கு அலைந்தால் எத்தனை நாள் பேர் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெற்றிலை பாக்கை அடியோடு விடுவதே நல்லது. வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பிள்ளைகள் கையில் பாக்கைக் கொடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது அடையாளம் தெரிந்தால், அவரைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடவே போங்கள்.