பட்டமா, பட்டறிவா? பள்ளிகளில் வேளாண் பாடம் நடத்துவது யார்?

பெங்களூரு: தகவல் தொழில்நுட்ப நகரமாக அறியப்படும் பெங்களூருக்கு வேளாண் கல்வியிலும் நீண்ட வரலாறு உண்டு. இங்கு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் 1964-ல் தொடங்கப்பட்டது. ஆனால், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண்மையைக் கற்பிக்கத் தகுதியானவர் யார் என்ற கேள்விக்கு நாட்டில் இன்னும் தெளிவான விடை இல்லை.

வேளாண் பட்டதாரி மண்ணையும் பயிரையும் அறிந்தவர், பொதுவாக பி.எட். பயிற்சி பெறாதவர். பி.எட். முடித்த அறிவியல் ஆசிரியருக்கு வகுப்பை நடத்தத் தெரியும். வயல் அனுபவம் குறைவு.

இப்பிரச்னை புதிதல்ல. ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, வேளாண்மை உள்ளிட்ட பாடங்களைக் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளை 1953-ல் பரிந்துரைத்தது. அவற்றுக்கான ஆசிரியர்களை உருவாக்க, மைசூர் உள்பட நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் 1963-ல் அமைக்கப்பட்டன. பல்நோக்குப் பள்ளித் திட்டம் மங்கியதும் அந்நோக்கமும் பின்தள்ளப்பட்டது.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மாற்று வழி ஒன்றைக் காட்டுகிறது. வேளாண்மை, கைத்தொழில் போன்றவற்றில் தேர்ந்த உள்ளூர் வல்லுநர்களைப் பள்ளிகள் பயிற்றுநர்களாக நியமிக்கலாம் என்கிறது அது. அனுபவமிக்க விவசாயியும் இதன்மூலம் வகுப்பறைக்குள் வர முடியும்.

இவ்வாறு மாற்று வழியில் வருவோர் திறம்படக் கற்பிப்பார்களா? அமெரிக்காவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடையே நடத்தப்பட்டு 2009-ல் வெளியான அரசு ஆய்வில், மாற்று வழியில் வந்தவர்களின் மாணவர்களுக்கும் வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் மாணவர்களுக்கும் இடையே தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும், அது வாசிப்பையும் கணிதத்தையும் மட்டுமே அளந்தது. வேளாண் பாடத்தின் தேவை வேறு.

பெங்களூரைச் சுற்றியுள்ள ஊரகப் பகுதிகளில் பருவமழையை நம்பி விதைக்கப்படும் கேழ்வரகு, ஆண்டின் இறுதியில் அறுவடையாகிறது. விதைப்பு முதல் அறுவடை வரை உடனிருக்கும் ஆசிரியரே அப்பயிரை மாணவருக்கு முழுமையாகக் கற்பிக்க இயலும். ஆனால், தொழிற்கல்விப் பயிற்றுநர்கள் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே பணியாற்றுகின்றனர். பயிற்றுநர் இடையில் விலகினால், பாடமும் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே, கதவைத் திறந்துவிடுவது மட்டும் போதாது. வயலறிவுடன் வருவோருக்குக் கற்பிக்கும் முறையில் குறுகிய காலப் பயிற்சியும், குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டுக்குப் பணி உறுதியும் தேவை. வேளாண் பல்கலைக்கழகம் பெங்களூரிலும், மண்டலக் கல்வி நிறுவனம் மைசூரிலும் உள்ளன. இரண்டும் கைகோத்தால், கர்நாடகமே இதற்கு வழிகாட்ட முடியும். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி நிலத்துக்குத் திரும்பும் மாணவருக்கு, பள்ளி அளிக்கும் வேளாண் பாடமே முதலும் கடைசியுமானது.