முன்வார்த்த தளப்பலகைகளும் அவற்றின் பொருத்துகளும்

மாடி வீட்டின் தளத்தில் நடப்போருக்கு அத்தளம் அசைவற்றது போலவே தோன்றும். ஆயினும் ஒவ்வொரு சுமைக்கும் கொங்கிறீற்றுப் பலகை சிறிது வளைந்தே பின் நிமிர்கின்றது. வளையுங்கால் அதன் மேற்புறம் நெருக்கப்படும்; கீழ்ப்புறம் இழுபடும். கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்குவதிற் கல்லை ஒத்தது. இழுவையைத் தாங்கும் வலிமையோ அதிற் பத்தில் ஒரு பங்களவே. இதனாலேயே உருக்குக் கம்பிகள் கீழ்ப்புறத்திற் புதைக்கப்படுகின்றன. பிரெஞ்சுப் பொறியியலறிஞர் பிரெசினே 1928 இல் உரிமைப் பத்திரம் பெற்ற முறை இதனினும் நுட்பமானது. கம்பிகளை முதலில் இழுத்துப் பிடித்துக் கொங்கிறீற்றை வார்த்து, அது இறுகியபின் விட்டுவிட்டால், அவை சுருங்க முயன்று கொங்கிறீற்றை நெருக்கும். மேலே ஏறுஞ் சுமை இந்நெருக்கலைப் போக்கிய பின்னரே கீழ்ப்புறத்தில் இழுவை தோன்ற முடியும்.

கட்டடத்திலேயே வார்க்கப்படும் தளம் வளையோடும் சுவரோடும் ஓருடலாய் இறுகிவிடும்; ஒரு பகுதியின் சுமையை அயற்பகுதிகளும் ஏற்கும். ஆலையில் வார்த்துப் பாரந்தூக்கியால் ஏற்றி வைக்கப்படும் பலகை அத்தகையதன்று. அது இரு முனைகளிலும் வெறுமனே அமர்ந்திருப்பதால் வளைக்கும் விளைவு நடுவிலேயே மிகும். தடிப்பும் ஓரலகு நீளத்துச் சுமையும் மாறாதிருக்க, தாங்கிகளுக்கிடையிலான தூரத்தை இரட்டித்தால் வளைவுத் திருப்புதிறன் நான்கு மடங்காகும். நடுவின் தாழ்வோ பதினாறு மடங்காகும். பக்கத்துப் பலகைகளுக்கிடையே உள்ள இடைவெளியிற் சாந்து நன்கு நிரம்பியிருந்தால் மாத்திரமே ஒன்றின் சுமை மற்றதற்குப் பகிரப்படும்.

பலகை சுவரோடு சேருமிடமே இன்னும் கவனிக்கத்தக்கது. கிழக்கு இலண்டனில் முன்வார்த்த சுவர்களாலும் தளங்களாலும் அடுக்கப்பட்ட ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 1968 மே 16 ஆந் திகதி விடியற்காலையில், 18 ஆம் மாடியிற் குடியிருந்த பெண்ணொருவர் அடுப்பை மூட்டினார். கசிந்திருந்த வாயு வெடித்துச் சுமைதாங்கும் சுவரை வெளியே தள்ளியது. அப்பெண் உயிர் தப்பினார். மேலிருந்த தளங்களோ அமர்வதற்கு இடமின்றி வீழ்ந்தன. அவற்றின் பாரத்தாற் கீழ்த்தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலையே அழிந்தது, நால்வர் மாண்டனர். இங்கே பலகைகள் அன்றாடச் சுமைக்குத் தோற்கவில்லை. தம்மைத் தாங்கிய ஒன்று நீங்கியபோது அவற்றைப் பிடித்துவைக்கப் போதிய பிணைப்பு இருக்கவில்லை.

இதன்பின் 1970 இல் ஆங்கிலநாட்டுக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. ஐந்து மாடிகளும் அதற்கு மேற்பட்டவையும் உள்ள கட்டடங்களில், ஓர் உறுப்பு அழிந்தாலும் அழிவு பரவலாகாது என்பது அவற்றின் நோக்கம். சுவரையும் தளத்தையும் இணைத்தோடும் உருக்குக் கட்டுகள் இவ்வாறே இன்றியமையாதன ஆயின. ஆலையின் நிழலிற் பலகை வார்ப்போன் காட்டும் கவனத்தை, காற்றிலும் மழையிலும் உயரே நின்று பொருத்துபவனிடமும் எதிர்பார்ப்பது எளிதன்று. ரோனன் பொயின்ற் 1986 இற் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டபோது, அதன் பொருத்துகள் பலவற்றிற் சாந்து சரிவர நிரப்பப்படாதிருந்தமை வெளிப்பட்டது.