காபிக் கறையில் ஒரு முகம்

கோப்பை வைத்த இடத்தில் காபி வட்டமாகப் படிந்தால் வீட்டில் திட்டு விழும். ஆனால் மலேசியக் கலைஞர் ஹோங் யீ, அந்த வட்டங்களையே அடுக்கி 2012-இல் தைவான் பாடகர் ஜே சௌவின் முகத்தைத் தீட்டிவிட்டார்.

2015-இல் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றத்துக்காக அவர் செய்தது இன்னும் பெரிது. சுமார் 20,000 தேயிலைப் பைகளை வெந்நீரில் நனைத்து, வெளிர்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை நிறம் பிரித்து, தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றுபவர் ஒருவரின் உருவத்தை உருவாக்கினார். மலேசியத் தமிழ் முஸ்லிம் கடைகளில் தினமும் காணும் காட்சிதான் அது!

வீட்டில் முயல்வதும் எளிது. இன்ஸ்டன்ட் காபித்தூளைச் சில சொட்டு நீரில் குழைத்தால் அடர்நிறம். நீர் கூடக்கூட வெளிறும். ஒரு பூச்சு காய்ந்தபின்தான் அடுத்தது. துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைத் தேநீரில் விட்டால், இரும்பும் தேநீரிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறம் தரும்.

முடித்த படத்தை வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், வெளுத்துவிடும்.