நிலத்தைப் பறித்த கொடியும் நிலம் கேட்ட கொடியும்

மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடியில் இருப்பது இவ்வளவுதான். ஒருமுறை பார்த்த குழந்தைகூட அதை நினைவிலிருந்து வரைந்துவிடும். கறுப்பு மக்களைக் குறிக்கிறது. சிவப்பு நிலத்தையும், சடங்குகளின்போது உடலில் பூசிக்கொள்ளும் செங்காவி மண்ணையும் குறிக்கிறது. மஞ்சள், உயிர் தரும் சூரியன். நிறங்களின் வரிசைக்கும் பொருள் உண்டு: கீழே மண், அதன் மேல் மனிதர்கள்.

அந்த மண்ணில் கொடி முதலில் வந்து இறங்கியது பறிப்பதற்கான கருவியாகத்தான். 1770 ஆகஸ்ட் 22 அன்று கண்டத்தின் வடமுனையை ஒட்டிய சிறு தீவு ஒன்றில் ஜேம்ஸ் குக் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். கிழக்குக் கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். 1788 ஜனவரி 26 அன்று சிட்னி குடாவில் ஆர்தர் பிலிப் அதே அரசின் கொடியை ஏற்றிக் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்தார். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்துவந்தவர்கள் 250க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசினார்கள். எந்த மலை யாருடையது, எந்த நீர்நிலை யாருடையது என்பது அவர்களுக்குப் பாட்டாலும் கதையாலும் தெரிந்திருந்தது. கம்பத்தில் ஒரு துணியைக் கட்டி ஏற்றினால் நிலம் கைமாறிவிடும் என்ற சட்டம்தான் அவர்களுக்குத் தெரியாது.

1901இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு பிறந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று நீல நிற தேசியக் கொடி மெல்பர்னில் முதன்முதலாகப் பறந்தது. அதன் மேல் மூலையில் பிரிட்டிஷ் கொடி. வலப்புறம் தென்சிலுவை விண்மீன்கள். அந்த விண்மீன்களைப் பற்றிப் பூர்வகுடிகளிடம் எத்தனையோ கதைகள் உண்டு. ஆனால், கொடியில் அவை இடம்பெற்றது அந்தக் கதைகளுக்காக அல்ல. புதிய நாட்டின் கொடியில் நாட்டின் முதல் மக்களுக்கென்று ஒரு கோடுகூட இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹரால்ட் தாமஸ். 1947இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த இவர், மத்திய ஆஸ்திரேலியாவின் லுரிட்சா மக்களைச் சேர்ந்தவர். பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ப்பது அன்றைய அரசின் கொள்கை. தாமஸும் அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைதான். அடிலெய்டில் வளர்ந்தார், ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது, 1969இல் பட்டம் பெற்றார். பிறகு அருங்காட்சியக வேலை. நில உரிமைக்கான ஊர்வலங்களில் நடந்தபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது: ஆதரவாக வந்த வெள்ளையர்களின் கூட்டத்தில் பூர்வகுடிகள் கரைந்துபோயிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவிலும் தன் மக்கள் தனித்துத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த கொடி, 1971 ஜூலையில் அடிலெய்டின் விக்டோரியா சதுக்கத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்டது.

அடுத்த ஆண்டு அது நாடறிந்த கொடியானது. 1972 ஜனவரி 25 அன்று பிரதமர் வில்லியம் மக்மஹோன், பூர்வகுடிகளுக்கு நில உரிமை கிடையாது, நிபந்தனைகளுடன் குத்தகை மட்டுமே தரலாம் என்று அறிவித்தார். மறுநாள் ஆஸ்திரேலிய தினம். அன்று நான்கு இளைஞர்கள் கான்பெராவுக்கு வந்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே இருந்த புல்வெளியில் ஒரு கடற்கரைக் குடையை நட்டு உட்கார்ந்தார்கள். அதற்குத் ‘தூதரகம்’ என்று பெயர் வைத்தார்கள். சொந்த நாட்டிலேயே அந்நியராக நடத்தப்படுகிறோம், ஆகவே அந்நியரைப் போல எங்களுக்கும் தூதரகம் தேவை என்பது அதன் பொருள். குடை இருந்த இடத்தில் கூடாரங்கள் முளைத்தன. தொடக்கத்தில் அங்கே வேறு சில கொடிகளும் இருந்தன. நிலைத்தது தாமஸின் கொடிதான். ஜூலையில் போலீஸார் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பின்னர் மீண்டும் எழுந்த கூடாரத் தூதரகம் இன்றும் அதே புல்வெளியில் இருக்கிறது.

ஒரு தனிமனிதர் வரைந்த கொடியை இத்தனை மொழி பேசும் மக்கள் ஏன் தமதென்று ஏற்றார்கள்? பிரிக்கப்பட்ட குழந்தைகளின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. வளர்ந்து ஆளான அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய்மொழி தெரியாது, ஊர் தெரியாது, தாயின் முகமே தெரியாது. எந்தக் குலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நின்றவர்களால், இந்தக் கொடியைப் பார்த்து ‘இது என்னுடையது’ என்று சொல்ல முடிந்தது. மொழியும் சடங்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பிரிக்கப்பட்ட ஒருவர் வரைந்த கொடி, பிரிக்கப்பட்ட மற்றவர்களுக்கு உறவின் சான்றாக ஆனது. இதைவிடப் பெரிய வேலையை ஒரு கொடியால் செய்துவிட முடியாது.

உலகம் அதை ஓட்டப்பந்தயக் களத்தில் பார்த்தது. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, பூர்வகுடிக் கொடியுடன் மைதானத்தைச் சுற்றி வந்தார். தேசியக் கொடியைத்தான் ஏந்தியிருக்க வேண்டும் என்று அணி நிர்வாகத்திலிருந்து கண்டனம் வந்தது. சில நாள்களில் 200 மீட்டரிலும் வென்றார். மறுபடியும் அந்தக் கொடியை, தேசியக் கொடியுடன் சேர்த்து, ஏந்தினார். 2000 செப்டம்பர் 25 அன்று சிட்னி ஒலிம்பிக்கில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில் 49.11 விநாடிகளில் 400 மீட்டரைக் கடந்தார். ஓடி முடித்ததும் துள்ளிக் குதிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினார். பிறகு இரண்டு கொடிகளையும் ஏந்தியபடி சுற்றி வந்தார். இம்முறை யாரும் கண்டிக்கவில்லை.

இடையில் 1995 ஜூலையில் அரசு பூர்வகுடிக் கொடியைச் சட்டப்படி ‘ஆஸ்திரேலியாவின் கொடி’களில் ஒன்றாக அறிவித்திருந்தது. பெர்னார்டு நமோக் வடிவமைத்த டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடிக்கும் அப்போதே அந்த இடம் கிடைத்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜான் ஹோவர்ட் இதை எதிர்த்தார். தாமஸுக்கும் இதில் மகிழ்ச்சி இல்லை. மக்கள் ஏற்றுக்கொண்ட கொடிக்கு அரசின் முத்திரை எதற்கு என்பது அவர் கருத்து. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கால் நூற்றாண்டு காலம் எந்தச் சட்டமும் இல்லாமல்தான் அது பறந்திருந்தது.

பிறகு வந்தது, வேறு எந்தக் கொடிக்கும் எளிதில் நேராத சிக்கல். இது ஓர் ஓவியரின் படைப்பு. எனவே காப்புரிமை அவருக்கே. தாங்களே வரைந்ததாக வேறு சிலர் உரிமை கோரியபோது, 1997இல் கூட்டரசு நீதிமன்றம் தாமஸே படைப்பாளி என்று தீர்ப்பளித்தது. அவர் சில நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கினார். 2018இல் ஆடைகளுக்கான தனி உரிமம் பூர்வகுடிகள் அல்லாதவர்களுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்துக்குப் போனது. சட்டைகளில் கொடியை அச்சிட்ட பூர்வகுடி அமைப்புகளுக்கே எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ‘கொடியை விடுவியுங்கள்’ என்ற இயக்கம் கிளம்பியது. 2020இல், ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் பூர்வகுடிச் சிறப்புச் சுற்றில், பணம் கொடுத்து வரைய விரும்பாததால் மைதானத்தில் கொடி இல்லை.

மக்கள் தமதென்று நம்பியதும், தாமஸ் தம் உழைப்பென்று சொன்னதும் இரண்டுமே உண்மை. பூர்வகுடிக் கலைஞர்களின் படைப்புகள் காலங்காலமாகக் கேட்பாரின்றிச் சுரண்டப்பட்ட நாட்டில், ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நின்றதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அரசு சுமார் 2 கோடி டாலர் கொடுத்துக் காப்புரிமையை வாங்கியது. அதன்பின் சட்டையில் அச்சிடவும், சுவரில் வரையவும், மைதானத்தில் தீட்டவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விற்பனைக்கான துணிக்கொடி தயாரிப்பு மட்டும் ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்த நிறுவனத்திடமே இருக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் சிட்னி துறைமுகப் பாலத்தின் உச்சியிலும் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. மூன்றாவது கம்பம் நட 2.5 கோடி டாலர் ஆகும் என்று மாநில அரசு சொன்னபோது மக்கள் கொதித்தார்கள். கடைசியில் புதுக் கம்பம் நடவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கொடியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இதை ஏற்றினார்கள். 1788இல் பிலிப் தன் அரசின் கொடியை ஏற்றிய குடா, பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.