சிப்பியைப் பெருசாக்குவது எப்படி?

என்.எஸ்.எஸ். சார்பா ஒரு பார்வையற்றோர் பள்ளிக்குப் போயிருந்தோம். 3 செ.மீ. சிப்பி ஒண்ணைத் தடவிப் பார்த்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, கோடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. இதையே பெருசா செஞ்சு தருவீங்களா?"

ஸ்கேன் பண்ணி 3டி பிரிண்ட் எடுக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எடுத்தோம். எங்க லேப் ஸ்கேனர்ல வரியெல்லாம் மழுங்கிப் போச்சு. அதனால சிலிகோன் மோல்டுக்கு வந்தோம்.

சிலிகோன் ரப்பர் ஒரு வலை மாதிரி. நீளமான பாலிமர் சங்கிலிகள், அங்கங்கே முடிச்சுகள். ஹெக்சேன்ல ஊறவெச்சா சங்கிலிகள் கரையப் பார்க்கும், முடிச்சு விடாது. கரைப்பான் உள்ளே நுழைய, வலை விரியும். ஹார்வர்டின் வைட்சைட்ஸ் குழு 2003-ல் பி.டி.எம்.எஸ். வகை சிலிகோனுக்கு இதை அளந்து வெளியிட்டாங்க. ஹெக்சேன்ல நீளம் 1.35 மடங்கு, டொலுயின்ல 1.31, தண்ணியில மாற்றமே இல்ல.

இங்கதான் நானும் குழம்பினேன். மோல்டு ஊதினா உள்ளே இருக்கற குழி சின்னதாகணும்தானே? ஆகாது. இரும்பு வளையத்தைச் சூடாக்கினா ஓட்டையும் பெருசாகுமே, பிளஸ் ஒன் பிசிக்ஸ், ஞாபகம் இருக்கா? அதே கதைதான். குழியும் 1.35 மடங்கு விரியும். அதுல பிளாஸ்டர் ஊத்தினா 4 செ.மீ. சிப்பி. அதுக்கு இன்னொரு மோல்டு எடுத்து மறுபடி ஊறவெச்சா சுமார் 5.5 செ.மீ.

முதல் முயற்சி சொதப்பல். ஒரு மணி நேரத்துலயே வெளியே எடுத்துட்டோம். மேல்தோல் ஊதியிருந்தது, உள்பக்கம் ஊறவே இல்ல, சிப்பி கோணலா வந்தது. தடிமன் 2 மடங்குன்னா ஊறும் நேரம் சுமார் 4 மடங்கு. கடிகாரத்தை நம்பாதீங்க. அப்பப்போ எடை போடுங்க, எடை ஏறுறது நின்னாத்தான் முழுசா ஊறியிருக்கு. ஊறின மோல்டு லேசா இழுத்தாலே கிழியும். திறந்து வெச்சா உடனே சுருங்க ஆரம்பிக்கும், அதனால பிளாஸ்டர் இறுகுறவரை மூடி போட்ட டப்பாவுக்குள்ளயே வெச்சோம்.

இதை ஹாஸ்டல் ரூம்ல செய்யாதீங்க, ப்ளீஸ். ஹெக்சேன் சட்டுனு தீப்பிடிக்கும், அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசிச்சா கை கால் நரம்பு பாதிக்கும். கெமிஸ்ட்ரி லேப் ஃபியூம் ஹுட்ல, மேடம் பக்கத்துல இருக்கும்போதுதான் நாங்க செஞ்சோம்.

பெரிய சிப்பியை முழுசாக் காயவெச்சு, வாசனை போனதும் எடுத்துட்டுப் போனோம். பையன் வரிகளை ஒவ்வொண்ணா எண்ணினான். நடுவுல விரல் நின்னுச்சு. "அண்ணா, இங்க ஒரு குழி இருக்கே, சின்னதுல இல்லையே?"

காத்துக் குமிழி. எங்க நாலு பேர் கண்ணுலயும் அது படவே இல்ல.