பின்வாசல் இல்லாத உக்கிராணம்: இரும்பும் கல்லீரல் புற்றுநோயும்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டையும் அதையொட்டிய உக்கிராணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடாது. டின்னில் மூடியிருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தரையில் வழிந்து, அடுப்புப் பொறி பட்டால்தான் வினை. இந்த உக்கிராணத்தில் ஒரே ஒரு விசித்திரம். சரக்கு உள்ளே வர வாசல் உண்டு, மிஞ்சியதைத் திருப்பி அனுப்பப் பின்வாசல் கிடையாது.

உடம்பில் இரும்பின் நிலைமை இதுதான். உக்கிராணம் கல்லீரல், எண்ணெய் இரும்பு.

வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பது 3 முதல் 4 கிராம் இரும்பு. பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான் உள்ளே சேர்கிறது. தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடு ஏறக்குறைய அதே அளவு போகிறது. பெண்களுக்கு மாதவிலக்கிலும் போகிறது. அதற்கு மேல் சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கோ குடலுக்கோ அதை வெளியேற்றத் தெரியாது. காவல் முழுக்க வாசலில்தான்.

அந்த வாசல் குடல் செல்லில் உள்ள ஃபெரோபோர்டின் என்ற புரதம். கையிருப்பு போதும் என்று தெரிந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அனுப்பும். அது வந்து வாசலையே பெயர்த்தெடுத்துவிடும். குடல் செல்லுக்குள் மாட்டிக்கொண்ட இரும்பு, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். உள்ளே வந்த இரும்பைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின். பத்திரமாக மூடி வைக்கும் டின் ஃபெரிடின். ஒரு டின்னில் சுமார் 4,500 அணுக்கள் அடங்கும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டில் மையமான ஹெப்சிடினை அறிவியல் கண்டுகொண்டதே 2000ஆம் ஆண்டையொட்டித்தான்.

ஹெப்சிடின் போதிய அளவு சுரக்காவிட்டால்? ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயில் அதுதான் நடக்கிறது. இதற்குக் காரணமான எச்.எஃப்.இ. மரபணுவை 1996இல் அடையாளம் கண்டார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம், குறிப்பாக அயர்லாந்தில், இந்த மரபணுவில் நேரும் மாற்றம் அதிகம். இந்தியர்களிடம் மிக அரிது. நிறைந்த உக்கிராணத்துக்கே வாசல் திறந்தபடி கிடப்பதால், நாற்பது ஐம்பது வயதுக்குள் சிலருக்கு 20 கிராமுக்கு மேல்கூடச் சேர்ந்துவிடும்.

டின்கள் போதாமல் வழிந்த இரும்புதான் ஆபத்தானது. பொறிக்குப் பஞ்சமில்லை: செல் சுவாசிக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டிருக்கும். இரும்பு அதைத் தொட்டால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கு பிறக்கிறது. (இந்த வேதிவினைக்கு அடிப்படையான கட்டுரையை ஃபென்டன் எழுதியது 1894இல்.) அது செல்லின் சவ்வைப் பொசுக்கும், டி.என்.ஏ.வை வெட்டும். செத்த செல்களின் இடத்தில் தழும்பு விழுகிறது. மிச்சமிருப்பவை ஈடுகட்ட வேகமாகப் பெருகுகின்றன. அடிபட்ட டி.என்.ஏ.வோடு ஓயாமல் பெருகும்போது பிழைகள் சேர்கின்றன. வருடக்கணக்கில் இப்படி நடந்து, கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆன பிறகே பெரும்பாலும் புற்றுநோய் தலைகாட்டும்.

மரபணு மட்டுமே காரணம் என்றில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில், முன்பு மண்பானையில் காய்ச்சிய பாரம்பரிய பீரை இரும்புப் பானைகளிலும் டிரம்களிலும் காய்ச்சத் தொடங்கினார்கள். புளித்த பானம் இரும்பை அரித்து எடுத்துக்கொண்டது. அதை நிறையக் குடித்தவர்களிடம் கல்லீரலில் இரும்பு குவிந்ததும், அவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடியதும் ஆய்வுகளில் தெரியவந்தன. இதைப் படித்துவிட்டு வீட்டு இரும்புத் தோசைக்கல்லைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். கல்லில் சில நிமிடம் வேகும் தோசையும், புளித்தபடி நாள்கணக்கில் டிரம்மில் கிடக்கும் பானமும் ஒன்றல்ல.

மற்ற நுண்தாதுக்களின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. கல்லீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் செம்பு கூடியும் துத்தநாகம் குறைந்தும் இருப்பது உண்டு. நோய்வாய்ப்பட்ட கல்லீரலே அந்த அளவுகளைக் கலைத்துவிடும் என்பதால், அதைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஃபெரிடின் அளவும் அப்படித்தான் ஏமாற்றும். கொழுப்புக் கல்லீரல், மது, ஏதோ ஒரு அழற்சி என எதனாலும் அது ஏறும். ஆகவே, முழு உடல் பரிசோதனையில் ஃபெரிடின் கூடுதல் என்று வந்தால், டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 45 சதவீதத்தைத் தாண்டினால் மேலே விசாரிக்க வேண்டும். ரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை இந்தப் பயத்தில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. காலி உக்கிராணத்துக்குச் சரக்கு வந்தே ஆகவேண்டும்.

நம் ஊரில் உண்மையான கவலை, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோயுள்ள பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தமும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பைக் கொண்டுவருகிறது. அது குடல் வாசலைச் சந்திப்பதே இல்லை; நேரே உள்ளே இறங்குகிறது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துகளை அவர்கள் விடாமல் எடுத்தாக வேண்டும்.

ஹீமோகுரோமடோசிஸுக்கு வைத்தியம் எளியது: ரத்தம் எடுப்பது. 500 மில்லிலிட்டர் எடுத்தால் அதே 200, 250 மில்லிகிராம் குறையும். அதை ஈடுகட்டப் புதுச் சிவப்பணுக்களை உருவாக்கும்போது சேமிப்பிலுள்ள இரும்பு செலவாகும். சிரோசிஸ் வருமுன் தொடங்கினால் ஆயுள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே அமைகிறது. வந்த பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு. ஆனால் இரும்பு இறங்கிவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் அதே மரபணு அமைப்பு இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.